பெர்மாங்கனேட்டா, பெராக்சைடா: எது வலுவான ஆக்சிஜனேற்றி?

கேள்வி: திட்ட ஒடுக்க மின்னழுத்த அட்டவணையில் (ஒரு பொருள் எலக்ட்ரானை வாங்க எவ்வளவு இழுக்கிறது என்பதை வோல்ட்டில் சொல்வது; எண் கூடினால் வலுவான ஆக்சிஜனேற்றி) ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு 1.78 வோல்ட், பெர்மாங்கனேட்டுக்கு 1.51. ஆனால் இரண்டையும் கலந்தால் பெர்மாங்கனேட்தான் பெராக்சைடை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அட்டவணை தப்பா?

பதில்: தப்பில்லை, நீங்கள் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள். பெராக்சைடுக்கு அட்டவணையில் இரண்டு வரிகள் உண்டு. 1.78 என்பது அது எலக்ட்ரான் வாங்கி நீராக மாறுவதற்கு. எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு ஆக்சிஜனாகப் போகிற வரி இன்னும் கீழே, 0.70 பக்கத்தில் கிடக்கும். பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு ஏற்கெனவே அதன் உச்ச ஆக்சிஜனேற்ற நிலையான +7-ல் நிற்கிறது, கொடுக்க அதனிடம் எலக்ட்ரானே இல்லை. அப்புறம் என்ன, பெராக்சைடுதான் கொடுத்தாக வேண்டும். 1.51-இல் 0.70 போக 0.81 வோல்ட், நேர்க்குறி, வினை தாராளமாக நடக்கும். அமிலம் சேர்த்த பெராக்சைடில் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள், ஊதா நிறம் மறைந்து குமிழ் குமிழாக ஆக்சிஜன் கிளம்பும்.

இன்னொன்று, அந்த 1.51 நல்ல அமிலத்தில் மட்டும்தான். கந்தக அமிலம் போதாமல் போனால் குடுவையில் பழுப்பாகக் கலங்கும். அது மாங்கனீசு டைஆக்சைடு, வினை பாதியிலேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். காரக் கரைசலில் பெர்மாங்கனேட்டின் மதிப்பு 0.59 வோல்ட்தான். அமிலம் வேண்டும் என்பதற்காக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிவிடாதீர்கள், குளோரின் 1.36-இல் இருப்பதால் பெர்மாங்கனேட் குளோரைடையும் தின்றுவிடும், பெர்மாங்கனேட்டை அளந்து சொட்டவிடும் குழாயான பியூரெட் அளவைக் கூடுதலாகக் காட்டும். டைகுரோமேட் என்ற இன்னொரு ஆக்சிஜனேற்றி (1.33) அந்த விஷயத்தில் சாது, குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் குளோரைடைச் சீண்டாது. அடர் அமிலத்தில் சூடாக்கினால் அதுவும் குளோரினைக் கிளப்பும்.

சரி, அட்டவணையில் பெரிய எண்ணோடு மேலே இருப்பதெல்லாம் உடனே வினைபுரியப் பாயுமா என்றால் அதுவும் இல்லை. பெர்சல்ஃபேட்டுக்கு 2.01 வோல்ட், ஓசோனுக்குச் சற்றுக் கீழேதான், ஆனாலும் சாதாரண வெப்பநிலையில் பல வினைகளில் சோம்பேறி; சூடாக்க வேண்டும், இல்லையென்றால் துளி வெள்ளி அயனி சேர்க்க வேண்டும். அந்த வோல்ட் எண் வினையின் வேகத்தைச் சொல்வதில்லை. ஆக்சாலிக் அமிலத்தின் அளவைக் கண்டறியப் பெர்மாங்கனேட்டைச் சொட்டவிட்டுத் தரம்பார்க்கும்போது முதல் சொட்டின் நிறம் போக மறுப்பதும் இதே கதைதான். கொஞ்சம் மாங்கனீசு(II) உருவானதும் அதுவே வினையூக்கியாகிவிடும், அடுத்தடுத்த சொட்டுகள் சட்டென்று நிறமிழக்கும்.

அமிலம் வேண்டும் என்றேனே, அது நீர்த்த கந்தக அமிலம். அடர் அமிலத்தைப் பெர்மாங்கனேட் படிகங்கள் மேல் நேரடியாக ஊற்றினால் உருவாகும் மாங்கனீசு ஹெப்டாக்சைடு வெடிக்கும்.