கழிப்பிடத்தில் சென்சார்: எதை முதலில் மாட்டுவது?

கேள்வி: பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடத்தை ஏலத்தில் எடுத்திருக்கிறேன். நாற்றம் வந்தால் போனுக்குத் தகவல் அனுப்பும் அமோனியா சென்சார் மாட்டித் தருவதாக ஒரு நிறுவனத்தார் வருகிறார்கள். மாட்டலாமா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: மாட்டலாம், ஆனால் அது மூன்றாவது செலவாக இருக்கட்டும். முதல் செலவு தொட்டியின் நீர்மட்டத்தைக் கண்காணிப்பதற்கு. அடுத்தது உள்ளே போகிறவர்களை எண்ணுவதற்கு. சிறுநீரில் உள்ள யூரியாவை பாக்டீரியா உடைத்த பிறகுதான் அமோனியா கிளம்பும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். சென்சார் கூப்பிடுவதற்குள் பல பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து போயிருப்பார்கள். ஆள் கணக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். 50 பேருக்கு ஒருமுறை கழுவுவது என்று தொடங்கி, இரண்டு வாரம் பார்த்துவிட்டுக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

விற்க வருகிறவரிடம் பெட்டிக்குள் இருப்பது எந்த சென்சார் என்று கேளுங்கள். எம்கியூ-135 என்றால், அது சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பொருள். அமோனியாவோடு ஆல்கஹால், புகை, ஃபினாயில் வாடை எல்லாவற்றுக்கும் அசையும். பணியாளர் ஃபினாயில் ஊற்றிக் கழுவி முடித்த கையோடு ‘கழிப்பிடம் அசுத்தம்’ என்று உங்கள் போனில் செய்தி வரும், அவருக்கு வீண் திட்டு விழும். கல்லாவில் கொளுத்தும் ஊதுவத்தியும் இதே வேலையைச் செய்யும். அதனால் கழுவி முடித்ததும் பணியாளர் அமுக்க ஒரு பட்டன் வையுங்கள். அமுக்கினால் அரை மணி நேரத்துக்கு எச்சரிக்கை வரக்கூடாது. கழுவிய நேரமும் அதிலேயே பதிவாகிவிடும். புதிதாக மாட்டும்போது 24 முதல் 48 மணி நேரம் சூடேறினால்தான் ரீடிங் நிலைக்கு வரும். கரண்ட் போய் வந்த பிறகு வரும் அளவையும் உடனே நம்பாதீர்கள். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்துக்கே அளவு மாறும்.

மின்வேதியியல் வகை சென்சார் விலை கூடுதல், ஆனால் அமோனியாவை ஓரளவு பிரித்துச் சொல்லும். ஆயுள் சுமார் 2 ஆண்டுதான். மாற்றித் தரும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

‘அமோனியா லேசானது, கூரையில் மாட்டினால்தான் பிடிக்கும்’ என்பார்கள். லேசானதுதான். ஆனால் சில பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் சில பங்கு) அளவில் அது காற்றோடு கலந்து, காற்று போகும் பக்கம் போகும். யூரினல் பக்கச் சுவரில், கைக்கும் தண்ணீர்த் தெறிப்புக்கும் எட்டாமல் 2 மீட்டருக்கு மேலே, ஜன்னலையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் விட்டுத் தள்ளி மாட்டுங்கள். கழுவிய பிறகும் நாற்றம் நின்றால் சென்சாரை விட்டுவிட்டுத் தரை வடிகாலைப் பாருங்கள். பூட்டிக் கிடக்கும் அறையில், வடிகால் குழாயின் வளைவில் (டிராப்) நிற்க வேண்டிய தண்ணீர் வற்றி, சாக்கடைக் காற்று ஏறி வரும். ஒரு வாளி தண்ணீரில் தீர்ந்துவிடும்.

கேள்வி: சின்டெக்ஸ் தொட்டியில், ஒலி அலை அனுப்பி நீர்மட்டம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் வைத்தோம். ஒரே மாதத்தில் தாறுமாறாகக் காட்டுகிறது.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: மூடியின் அடியில் நீராவி துளித்துளியாய்ப் படியும். திறந்த முகம் கொண்ட எச்.சி-எஸ்.ஆர்04 வகை சென்சார் அதைத் தாங்காது. நீர்புகா வகை வாங்குங்கள். ஆனால் அதன் முகத்துக்கு எதிரே 20–25 செ.மீ. வரை அதனால் அளக்க முடியாத குருட்டுப் பகுதி உண்டு. தொட்டி நிரம்பும்போது தண்ணீர் அந்தப் பகுதிக்குள் ஏறாதபடி சென்சாரை உயர்த்தி மாட்ட வேண்டும். உள்ளே விழும் தண்ணீர்த் தாரைக்கு எதிர்ப்பக்கம் வைத்து, பத்து அளவு எடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவிலுள்ளதை மட்டும் கணக்கில் கொள்ளும்படி மாட்டித் தந்தவரிடம் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், கழிப்பிடத்துக்கு இவ்வளவு தேவையில்லை. பாதியில் ஒன்று, கால் பங்கில் ஒன்று என இரண்டு மிதவை சுவிட்ச் போதும். ஒருவருக்கு 5 லிட்டர் என்று வைத்தால், 1000 லிட்டர் தொட்டியில் கால் பங்கு என்பது 50 பேருக்கான தண்ணீர். மோட்டார் போட்டு நிரப்ப அந்த அவகாசம் போதுமா என்று பார்த்து, போதாவிட்டால் கீழ் மிதவையை உயர்த்துங்கள்.

கேள்வி: பெண்கள் பக்கம் ஆட்களை எண்ண கேமரா வைக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கூடவே கூடாது, வாசலுக்கு வெளியே கூட. வெளிவாசலில் இடுப்பு உயரத்தில் அகச்சிவப்புக் கதிர் ஒன்று போதும். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருமுறை அறுபடும், எண்ணை இரண்டால் வகுங்கள். உடல் சூட்டின் அசைவை உணரும் பிஐஆர் வகை வேண்டாம். இருவர் அடுத்தடுத்து நுழைந்தால் ஒருவராக எண்ணிவிடும்.

கேள்வி: யூரினல்களில் தானியங்கி ஃப்ளஷ் போட்டோம். சிலவற்றில் தண்ணீர் நிற்பதே இல்லை.
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: முதல் சந்தேகம் அழுத்தம். இந்த வால்வுகள் பெரும்பாலும் குறைந்தது 0.5 பார் கேட்கும், அதாவது தொட்டி சுமார் 5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் தொட்டி கூரை மேலேயே இருந்தால் 2–3 மீட்டர்தான் தேறும்; வால்வுக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் சரியாக உட்காராது. தொட்டியை உயர்த்துங்கள், இல்லையென்றால் அழுத்தம் இல்லாமலே வேலை செய்யும், சிறு மோட்டார் திறந்து மூடும் பந்து வால்வுக்கு (பால் வால்வு) மாறுங்கள்.

அழுத்தம் சரி என்றால் உப்பு. போர் தண்ணீரில் வரும் மணல் வடிகட்டி வலையை அடைக்கும், உப்பு டயாஃப்ரத்தின் ஊசித்துளையை அடைக்கும். வலையை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். டயாஃப்ரத்தை வினிகரில் ஊறவைத்துத் துளையைத் திறங்கள், கம்பி விட்டுக் குத்தி அகலப்படுத்திவிடாதீர்கள். பேட்டரியையும் பாருங்கள். மூடுவதற்கும் ஒரு மின்துடிப்பு தேவைப்படும் வால்வு என்றால், திறந்த நிலையில் பேட்டரி செத்தால் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். நாலு செல்லையும் ஒன்றாக மாற்றுங்கள், பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம்.