ஏழாம் வகுப்போடு நின்றவர், 36 வயது: பணம் கட்டும் முன்

அக்கா, அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்பு ஆலை) வேலையை விட்டுவிட்டீர்கள், வயது 36, படிப்பு ஏழாம் வகுப்பு, மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டரும் ஸ்போக்கன் இங்கிலீஷும் சொல்லித்தர 25,000 கேட்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். அந்தச் சான்றிதழைக் கொடுத்தாலும் கடைக்காரர் "எட்டு பாஸா, பத்து பாஸா?" என்றுதான் கேட்பார்.

முதலில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துவது, பன்னிரண்டரை வயது முடிந்த யாரும் நேரடியாக எழுதலாம், ஒரு பாடம் போனாலும் அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும். வீட்டில் பிள்ளைகளின் பழைய புத்தகம் இருக்குமே, கணக்கை மட்டும் யாரிடமாவது உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் வாசித்தாலே வந்துவிடும்.

எட்டு கையில் வந்துவிட்டால் நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) விசாரியுங்கள். தையல், வெல்டர் மாதிரி சில பிரிவுகளுக்கு அதுவே போதும், பெண்களுக்கு வயது உச்சவரம்பும் கிடையாது. எந்தப் பிரிவு எந்த ஐடிஐயில் என்று நேரில் கேட்பதுதான் நல்லது. அப்புறம் பத்தாவது தனியாக எழுத நினைத்தால் அறிவியல் செய்முறைக்கு முன்கூட்டியே பதிய வேண்டும். இதைக் கவனிக்காமல் வருஷத்தை விடுகிறவர்கள் நிறைய.

அதுவரை சும்மா இருக்க முடியாது, சரி. நாகர்கோவில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தனியார் வேலை முகாம் எப்போது என்று கேளுங்கள், அதற்குக் கட்டணமில்லை. யாராவது அங்கேயும் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள், ஆள் மறைந்துவிடுவார்.