நாவல் மரத்தின் பெயருக்குப் பின்னால் நிற்கும் ஸ்கீல்ஸ் யார்?

ஹெர்பேரியம் (உலர்த்திய செடிகளின் காப்பகம்) ஒன்றில் முப்பது வருடம் காய்ந்த செடிகளோடும் பழுப்பேறிய தாள்களோடும் காலம் தள்ளியவன் நான். 1900க்கும் 1930க்கும் இடையே பெயர் பெற்ற செடிகளைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி நம் தெரு மரங்களைப் பற்றியவை. சந்தோஷம்.

எங்கள் பள்ளி நாவல் மரத்துக்குப் பெயர்ப் பலகை எழுதினோம். ‘சிசிஜியம் குமினி (லின்.) ஸ்கீல்ஸ், 1912’ என்று கிடைத்தது. நாவல் மரத்தை 1912இல்தான் கண்டுபிடித்தார்களா என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். – ஆசிரியை, புதுக்கோட்டை

நல்ல பையன். ஔவையாரிடம் ‘சுட்ட பழமா, சுடாத பழமா’ என்று கேட்ட கதையே நாவல் மரத்தடியில்தானே நடக்கிறது!

அந்த அடைப்புக்குறியில்தான் விடை இருக்கிறது. ‘லின்.’ என்றால் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ். அவர் 1753இல் இதற்கு ‘மிர்டஸ் குமினி’ என்று பெயர் வைத்தார். முதல் சொல்லான பேரினம் பொருந்தவில்லை. அப்புறம் லமார்க் 1789இல் ‘யூஜினியா ஜம்போலானா’ என்றார். அந்தப் பெயரே நூறு வருடத்துக்கு மேல் புழங்கியது. ஹோமியோபதி மருந்துக் குப்பியில் இன்றும் ‘சிசிஜியம் ஜம்போலானம்’ என்று பார்க்கலாம்.

1905இல் வியன்னாவில் தாவரவியலாளர்கள் கூடி, பெயரிடும் விதிகளை முடிவு செய்தார்கள். கணக்கு 1753இலிருந்து தொடங்கும். ஒரு செடியை எந்தப் பேரினத்துக்கு மாற்றினாலும், அதற்கு முதலில் கிடைத்த இரண்டாம் பெயர் கூடவே போக வேண்டும். அப்படியானால் ‘ஜம்போலானா’ செல்லாது, ‘குமினி’தான் செல்லும். ஹோமர் காலர் ஸ்கீல்ஸ் அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்தவர். அயல்நாடுகளிலிருந்து வந்த விதைகளுக்கும் செடிகளுக்கும் அந்தத் துறை போட்ட பட்டியல் ஒன்றில் இந்தத் திருத்தத்தைச் செய்தார். அவ்வளவுதான். முதலில் பெயர் வைத்தவர் அடைப்புக்குறிக்குள், இடம் மாற்றியவர் வெளியே. பத்திரப் பதிவில் மூலப் பத்திரக்காரர் பெயரும் கிரயம் வாங்கியவர் பெயரும் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே ஸ்கீல்ஸ் 1909இல் நம் அரைநெல்லியையும் சரிசெய்தார். லின்னேயஸ் அதைப் புளிச்சக்காய் வகையறாவோடு சேர்த்து ‘அவெரோவா ஆசிடா’ என்று எழுதியிருந்தார். நெல்லி இனத்துக்கு மாற்றி ‘ஃபில்லாந்தஸ் ஆசிடஸ்’ ஆக்கியது ஸ்கீல்ஸ். இரண்டு மரங்களும் அவருக்கு முன்பும் இங்கே காய்த்துக்கொண்டுதான் இருந்தன என்று பையனிடம் சொல்லுங்கள்.

பழைய மருத்துவ நூல்களில் இலுப்பைக்கு ‘பாஸியா லாங்கிஃபோலியா’ என்றும், புதியவற்றில் ‘மதுக்கா லாங்கிஃபோலியா’ என்றும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு மரமா சார்? – சித்த மருத்துவ மாணவர், பாளையங்கோட்டை

ஒரே மரம்தான் தம்பி. ஆனால் இந்தப் பெயர் மாறிய கதை எனக்கு ரொம்பப் பிடித்தது.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்த காலத்தில் அங்கே மருத்துவராக வந்தவர் ஜோஹான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயஸின் மாணவர். (கறிவேப்பிலையின் ‘முர்ராயா கோனிகி’யில் இருப்பவரும் இவர்தான்.) இலுப்பைக்கு இவர் கொடுத்த பேரினப் பெயர் ‘பாஸியா’, இத்தாலியத் தாவரவியலாளர் பாஸியின் நினைவாக. 1771இல் லின்னேயஸின் நூலில் அச்சானது. ஐந்து வருடம் முன்பே, 1766இல், அல்லியோனி என்ற இத்தாலியர் அதே பாஸியின் பெயரில் வேறொரு ‘பாஸியா’வை வெளியிட்டிருந்தார். அது உவர் நிலத்தில் வளரும், கீரைக் குடும்பத்துச் சிறு செடி.

ஒரே பெயரில் இரண்டு பேரினம் இருக்க முடியாது. விதிகள் இறுகிய பிறகு முந்தியவருக்கே பெயர். இலுப்பை வீடிழந்தது. 1791இல் குமெலின் வெளியிட்டிருந்த ‘மதுக்கா’ என்ற பெயர் கைவசம் இருந்தது. வடமொழியின் ‘மதூக’த்திலிருந்து வந்தது. அதில் ‘லாங்கிஃபோலியா’வைச் சேர்த்து 1918இல் வெளியிட்டவர், ஹார்வர்டின் கிரே ஹெர்பேரியத்தில் இருந்த மெக்பிரைட். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். இங்கே இத்தாலியப் பெயர் இல்லாமல் போக, நம் பக்கத்துப் பெயர் நிலைத்தது. உங்கள் குறிப்பேட்டில் இரண்டு பெயரையும் எழுதிவையுங்கள். 1918க்கு முந்தைய நூல்களில் ‘மதுக்கா லாங்கிஃபோலியா’ என்று தேடினால் கிடைக்காது.

வெட்டிவேருக்குத் தமிழ்ப் பெயரே அறிவியல் பெயர் என்று படித்தேன். இப்போது ‘கிரைசோபோகன்’ என்கிறார்கள். எது சரி? – விவசாயி, கடலூர்

நீங்கள் படித்ததும் சரி, இப்போது சொல்வதும் சரி. லின்னேயஸ் 1771இல் இதை ‘ஃபாலாரிஸ்’ என்ற புல்லினத்தில் வைத்தார். ‘வெட்டிவேரியா’ என்ற பேரினத்தைத் தமிழ்ச் சொல்லிலிருந்து உருவாக்கியவர் பிரெஞ்சுக்காரர் போரி, 1822இல். நம் புல்லை அதற்குள் கொண்டுவந்து ‘வெட்டிவேரியா சிசானியாய்டிஸ்’ ஆக்கியவர் நியூயார்க் தாவரவியல் தோட்டத்தின் நாஷ், 1903இல். பின்னர் ராபர்ட்டி என்பவர் 1960இல் கிரைசோபோகனுக்கு மாற்றினார். அதுவே இப்போது ஏற்கப்பட்டிருக்கிறது. அறிவியல் பெயரிலிருந்து தமிழ் போய்விட்டது. எனக்கு வருத்தம்தான், ஆனால் உறவுமுறை பார்த்துத்தான் பேரினம் முடிவாகும், பாசம் பார்த்து இல்லை. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாசனைத் திரவியக்காரர்கள் இன்னும் ‘வெட்டிவர்’ என்றுதான் சொல்கிறார்கள்.

புல் பேச்சு வந்ததால் ஒன்று: எலுமிச்சைப்புல்லின் ‘சிம்போபோகன் சிட்ராடஸ்’ என்ற பெயர் 1906இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் ஓட்டோ ஸ்டாப்ஃப் கொடுத்தது. இந்தியா, இலங்கையின் எண்ணெய்ப் புற்களை ஒரே கட்டுரையில் வரிசைப்படுத்தினார் மனிதர். டீக்கடையில் போடும் அந்தப் புல் பூப்பது அபூர்வம். பூ இல்லாத புல்லை அடையாளம் காண்பது எவ்வளவு தொல்லை என்று புல் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தூங்குமூஞ்சி மரத்துக்கு நாலு பெயர் இருக்கிறதே? – கோயம்புத்தூர்

மிமோசா, பித்தசெல்லோபியம், எண்டரோலோபியம், அல்பிசியா என்று எல்லா வீட்டிலும் தங்கிவிட்டு வந்த மரம் அது. 1916இல் மெர்ரில் அதற்குத் தனி வீடு கொடுத்தார்: சமனியா சமன். அதையே எழுதுங்கள்.

பால்கனியில் வைக்கும் பாம்புச் செடி, நம் ஊர் மருள் கற்றாழை, இரண்டும் ஒன்றா? – சென்னை

நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றல்ல. மருள் நம் ஊருடையது. குறுக்கே பட்டை பட்டையாக இருக்கும் உங்கள் தொட்டிச் செடி மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆப்பிரிக்கச் செடிக்குப் பெயர் கிடைத்தது வங்காளத்துத் தாவரங்களைப் பற்றிய ஒரு நூலில். கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த டேவிட் பிரெய்ன் 1903இல் ‘சான்செவிரியா டிரைஃபேசியாட்டா’ என்று அதில் எழுதினார். காட்டில் பார்த்து வைத்த பெயரல்ல, தோட்டத்தில் வளர்ந்ததைப் பார்த்து வைத்தது. 2017இல் அதை டிரசீனா பேரினத்துக்கு மாற்றினார்கள். நர்சரிக்காரரிடம் போய் ‘டிரசீனா’ என்று கேட்காதீர்கள், வேறு செடியைக் கொடுத்துவிடுவார்.

பச்சைக்கிளி பறப்பதுபோல ஒரு பூ வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது நிஜமா? – மதுரை

நிஜம். ‘இம்பேஷன்ஸ் சிட்டாசினா’; நம் காசித்தும்பையின் இனம்தான். தாய்லாந்து, பர்மா, மணிப்பூர் பக்கம் வளர்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் மட்டும் கிளி. முன்னால் பார்த்தால் சாதாரணக் காசித்தும்பைப் பூ. படம் எடுத்தவர் கெட்டிக்காரர்.

பர்மாவின் ஷான் பகுதியிலிருந்து வந்த செடி கியூவில் பூத்தது. 1901இல் அதற்குப் பெயர் கொடுத்தவர் ஜோசப் ஹூக்கர். அப்போது அவருக்கு வயது 83 அல்லது 84. 1817இல் பிறந்தவர், 1911 டிசம்பரில் இறக்கும்வரை காசித்தும்பை இனங்களைத்தான் பிரித்துக்கொண்டிருந்தார். அதன் பூவைத் தாளில் அழுத்தினால் ஈரச் சாம்பல்போல ஒட்டிக்கொள்ளும், ஒரு இதழும் உருவம் காட்டாது. அந்த வயதில், அந்தத் தாள்களோடு! எனக்கு நாற்பது வயதிலேயே பொறுமை போய்விட்டது.

கொடைக்கானல் செடிகளின் பட்டியலில் மரியே, டயானே, மார்கரெட்டே, போர்னியே என்று பெண் பெயர்களாக வருகின்றன. யார் இவர்கள்? – ஆய்வு மாணவி, திண்டுக்கல்

முதலில் இலக்கணம். லத்தீனில் ஆண் பெயர் ‘இ’ என்று முடியும், பெண் பெயர் ‘ஏ’ என்று. திருவிதாங்கூர் வன அதிகாரி பூர்டிலான் பெயரில் உள்ளவை எல்லாம் ‘பூர்டிலோனி’. பழனி மலையின் ‘ஆக்டினோடாஃப்னே போர்னியே’ என்ற மரத்தில் ‘ஏ’ வருகிறது. அது லேடி போர்ன். 1925இல், மதராஸ் மாகாணத் தாவர நூல் எழுதிய கேம்பிள் வைத்த பெயர். லேடி போர்னின் கணவர் ஆல்ஃபிரட் போர்ன் சென்னையில் உயிரியல் பேராசிரியராக இருந்தவர், பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர். கொடைக்கானலில் இருவரும் சேர்ந்து செடி சேகரித்தார்கள். அந்த அம்மா வரையவும் செய்தார்.

அந்தச் சேகரிப்பை அடிப்படையாக வைத்து நீலகிரி, பழனி மலைச் செடிகளுக்கு நூல் எழுதியவர் சென்னை மாநிலக் கல்லூரியின் பி. எஃப். ஃபைசன். 1915இல் தொடங்கி மூன்று பாகங்கள். அவருக்குப் பிடித்த பேரினம் எரியோகாலான். ஊட்டி, கொடைக்கானல் ஈரப் புல்வெளிகளில் குண்டூசி குத்தி வைத்ததுபோல வெள்ளைத் தலையோடு நிற்குமே, அதுதான். பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். லென்ஸ் வைத்து விதையையும் பூவின் மயிரையும் பார்த்துத்தான் பிரிக்க முடியும். 1910களிலும் அடுத்த சில வருடங்களிலும் இவர் அதில் பல புதிய இனங்களை வெளியிட்டார். ஃபைசனின் மனைவி டயானா, தாய் எலினார். பட்டியலில் எரியோகாலான் டயானேயும் எலினாரேயும் இருக்கின்றன. கூடவே மரியே, மார்கரெட்டே, கிறிஸ்டோஃபெரி, ஜெஃப்ரியி, எட்வர்டியி. ஒரு குடும்பப் புகைப்படம்போல இருக்கிறது, இல்லையா? பெரும்பாலோர் ஆளுநருக்கும் மேலதிகாரிக்கும் பெயர் வைத்துக்கொண்டிருந்த காலத்தில், சதுப்பில் நிற்கும் விரலளவுச் செடிக்கு மனைவி பெயரை வைத்தவரை எனக்குப் பிடிக்கும்.

எல்லாம் வெள்ளைக்காரர்களாகவே இருக்கிறார்களே, நம்மவர் யாரும் பெயர் வைக்கவில்லையா? – திருச்சி

வைத்தார்கள். கோவை வேளாண் கல்லூரியின் ரங்காச்சாரியாரும் தாடுலிங்கமும் சேர்ந்து தென்னிந்தியப் புற்களைப் படித்தார்கள். அவர்கள் புத்தகம் 1921இல் வந்தது. ‘குளோரிஸ் போர்னி’ என்ற புல்லுக்குப் பெயர் கொடுத்தவர்கள் இவர்கள்தான். (முடிவைக் கவனியுங்கள்: ‘இ’. இது ஆண் போர்ன்.) பாசியில் எம். ஓ. பி. ஐயங்கார் பெரிய பெயர். 1932இல் அவர் வெளியிட்ட ‘ஃபிரிட்சியெல்லா’ ஈர மண்ணில் வளரும் பச்சைப் பாசி. நீர்ச் செடி தரைக்கு ஏறிய கதையைச் சொல்லும்போது பாடப்புத்தகங்களில் வரும்.

ஆனால் உங்கள் ஆதங்கம் நியாயமானது. காட்டில் மரமேறிப் பூவைப் பறித்துக் கொடுத்தவரின் பெயர் தாளில் இருக்காது. நான் புரட்டிய பழைய தாள்களில் பெரும்பாலானவற்றில் அதிகாரியின் கையெழுத்து மட்டும்தான்.

கேம்பிளின் மதராஸ் மாகாணத் தாவர நூலை இன்னும் பயன்படுத்தலாமா? – கல்லூரி விரிவுரையாளர், நாகர்கோவில்

தாராளமாக. இங்கே வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்றுப்போய், இங்கிலாந்தில் உட்கார்ந்து கியூவின் தாள்களை வைத்து எழுதிய நூல் அது. 1915இல் தொடங்கி 1936 வரை 11 பாகங்கள். கேம்பிள் 1925இல் இறந்துவிட, மீதியை முடித்தவர் ஃபிஷர். பெயர்கள் பல மாறிவிட்டன, ஆனால் அடையாளம் காணும் விடைச்சாவி இன்னும் திறக்கிறது. அதை எழுதும்போதே கேம்பிள் புதிய இனங்களைக் கண்டு வெளியிட்டுக்கொண்டிருந்தார். 1918இல் பெயர் பெற்ற ‘சிசிஜியம் திராவன்கோரிகம்’ அப்படி ஒன்று. நாவலுக்குத் தங்கை, சதுப்பு நிலத்து மரம். சதுப்பை வயலாக்கிய பின் கேரளத்தில் சில காவுகளிலும் ஒதுங்கிய ஈரக் காடுகளிலும் கொஞ்சம்தான் மிச்சம். காவில் தெய்வம் இருந்ததால் மரமும் இருக்கிறது.

பெயருக்கு ஆதாரமான தாள் எரிந்துபோனால் என்ன ஆகும்? – சேலம்

புதுப் பெயர் வைக்கும்போது மாதிரியாகக் காட்டிய செடியை ஒட்டி வைத்த தாளைக் கேட்கிறீர்கள். எரிந்திருக்கிறது. 1943 மார்ச்சில் குண்டுவீச்சில் பெர்லின் ஹெர்பேரியம் போனது. ஷ்லெக்டர் என்ற ஆர்க்கிட் நிபுணர் பெயரிட்ட நூற்றுக்கணக்கான இனங்களின் ஆதாரத் தாள்கள் அதில் சாம்பல். தூங்குமூஞ்சிக்கு வீடு கொடுத்தாரே மெர்ரில், அவர் மணிலாவில் வளர்த்த ஹெர்பேரியமும் 1945இல் அழிந்தது. ஆனால் அவர் ஒரே கிளையிலிருந்து பல தாள் எடுத்து வெளிநாடுகளுக்கு அனுப்பி வைத்திருந்தார். அந்த இரட்டைத் தாளில் ஒன்றை ஆதாரமாகத் தேர்ந்துகொள்ளலாம். எதுவுமே கிடைக்காவிட்டால் புதிதாகச் சேகரித்து ஒன்றை நியமிக்கலாம். பெயர் சாகாது.

எங்கள் மலையில் புதுச் செடி ஒன்று பார்த்தேன். என் மகள் பெயரை வைக்க முடியுமா? பணம் கட்ட வேண்டுமா? – ஏற்காடு

பணம் வேண்டாம். மகள் பெயர் தாராளமாக வைக்கலாம், ஃபைசனே வழிகாட்டி. உங்கள் பெயரையே வைத்துக்கொள்ள விதியில் தடை இல்லை. ஆனால் அப்படிச் செய்தால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். லத்தீன் விளக்கம் 2012இலிருந்து கட்டாயமில்லை, ஆங்கிலத்தில் எழுதலாம். ஆதாரத் தாள் ஒன்றை ஒரு ஹெர்பேரியத்தில் வைத்தே ஆக வேண்டும்.

அதற்கு முன்னால், அது புதுச் செடிதானா என்று பார்க்க வேண்டுமே. இந்த வாரமே, பூ இருக்கும்போதே, ஒரு கிளையை நாளிதழுக்குள் வைத்து அழுத்துங்கள். தாளைத் தினமும் மாற்றுங்கள். காய்ந்தால் நிறம் போய்விடும், அதனால் பூவின் நிறம், இடம், உயரம், தேதி, பக்கத்தில் என்ன வளர்கிறது எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதுங்கள். நாலைந்து செடிதான் இருக்கிறது என்றால் வேரோடு பிடுங்காதீர்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் மண்டல மையத்தில் மதராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே பத்தில் ஒன்பது பேருக்கு, ‘இது கேம்பிளிலேயே இருக்கிறதே’ என்றுதான் பதில் வரும். எனக்கும் மூன்று முறை வந்தது.