தடுப்பூசி போடாதவர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் கிடையாதா? கேள்வி பதில்

நியூயார்க்கில் தொழிலாளர்களின் விபத்து, இறப்புக் கிளைம்களைப் பார்க்கும் மேசையில் பல வருஷம் உட்கார்ந்தவள் நான். அங்கே சப்வே, பஸ், புறநகர் ரயில்களை நடத்துவது எம்.டி.ஏ. என்னும் அரசு நிறுவனம். கோவிட்டில் இறந்த ஊழியரின் குடும்பத்துக்கு 5 லட்சம் டாலர் தந்துகொண்டிருந்த அந்த நிறுவனம், 2021 ஜூன் 1 முதல், தடுப்பூசி போடாமல் இறந்தவரின் குடும்பத்துக்கு அது கிடையாது என்று நிறுத்திவிட்டது. அது சரிதானா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடுப்பூசி எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பவள் நான். ஆனாலும் அந்தப் பணத்தை நிறுத்தியது தப்பு என்பேன்.

கேள்வி (கம்பெனியில் கணக்கு பார்ப்பவர், ஜெர்சி சிட்டி): அக்கா, அந்த 5 லட்சம் சட்டப்படி தர வேண்டிய பணம் இல்லையே. நிர்வாகம் மனசு வைத்துத் தந்தது. கொடுப்பவருக்கு நிபந்தனை போட உரிமை கிடையாதா?

பதில்: மனசு வைத்துத் தந்தது என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது, தம்பி. 2020 மார்ச் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். முகக்கவசம் சீருடையில் சேராது, அதைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வரக்கூடாது என்று ஊழியர்களிடம் எம்.டி.ஏ. சொல்லியிருந்தது. மாதக் கடைசியில்தான் மனம் மாறி முகக்கவசம் கொடுக்கத் தொடங்கினார்கள். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு இருந்த நாட்களில் நர்ஸ்களையும் மளிகைக்கடை ஆட்களையும் வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இந்த டிரைவர்களும் கண்டக்டர்களும்தான். ஏப்ரல் நடுவிலேயே டஜன் கணக்கில் இறந்துபோனார்கள். அப்போதுதான் லோக்கல் 100 உள்ளிட்ட தொழிற்சங்கங்களோடு பேசி, குடும்பத்துக்கு மொத்தமாக 5 லட்சம் டாலர், மனைவி அல்லது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மூன்று வருஷம் மருத்துவக் காப்பீடு என்று முடிவானது. ஆபத்து என்று தெரிந்தே ஆட்களை வேலைக்கு அனுப்பிய நிர்வாகம் பட்ட கடன் அது. தர்மக் கணக்கில் எழுத முடியாது.

நிர்வாகத்தின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. 2020இல் தப்பிக்க வழியே இல்லை. 2021 ஜனவரி 11 முதல் போக்குவரத்து ஊழியர்களுக்கு ஊசி திறந்துவிடப்பட்டது. காசு கிடையாது. மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்கு விலக்கும் இருந்தது. "வழி இருந்தும் போடாதவருக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு?" என்று அவர்கள் கேட்டார்கள். கேள்வி சரியானதுதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் இறந்துவிட்டார். பணம் மறுக்கப்படுவது அவருடைய மனைவிக்கு.

கேள்வி (கட்டட மேற்பார்வையாளர், குயின்ஸ்): ஹெல்மெட் போடாமல் சாரத்தில் ஏறி விழுந்தால் அது அவன் தப்புதானே? ஊசியும் அதே மாதிரிதானே அக்கா?

பதில்: நல்ல உதாரணமாகக் கேட்டீர்கள். ஏனென்றால் ஹெல்மெட் போடாமல் விழுந்தவரின் குடும்பத்துக்கும் நியூயார்க் சட்டம் பணம் தருகிறது. அந்த இடத்துக்கு வந்து சேர இந்த ஊர் என்ன விலை கொடுத்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நூறு வருஷத்துக்கு முன் வேலையில் ஒருவர் செத்தால் குடும்பம் கோர்ட்டுக்குப் போய் முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டும். முதலாளியின் வக்கீல் மூன்று பதில்களைத் தயாராக வைத்திருப்பார்: அவனே கவனக்குறைவாக இருந்தான், கூட வேலை செய்தவன்தான் காரணம், ஆபத்து என்று தெரிந்துதான் வேலைக்குச் சேர்ந்தான். இதில் ஒன்று நின்றாலும் விதவை வெறுங்கையோடு வீட்டுக்குப் போவாள். இதை மாற்ற நியூயார்க் 1910இல் ஒரு சட்டம் போட்டது. தவறே செய்யாத முதலாளியின் சொத்தைப் பிடுங்குவது இது என்று சொல்லி, மாநிலத்தின் மேல் கோர்ட் 1911 மார்ச் 24 அன்று அதை ரத்து செய்தது. மறுநாள், மார்ச் 25, மன்ஹாட்டனில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பிடித்தது. கதவு பூட்டியிருந்தது. 146 பேர் செத்தார்கள். பெரும்பாலும் குடியேறி வந்த இளம்பெண்கள். 1913இல் மாநில அரசியல் சட்டத்தையே திருத்தி, 1914இல் புதிய நஷ்டஈட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

அந்தச் சட்டத்தின் உயிர்நாடி ஒன்றுதான்: யார் தப்பு என்று கேட்கக்கூடாது. முதலாளி மீது வழக்குப் போடும் உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு முதலாளி "உன் கவனக்குறைவு" என்ற வாதத்தை விட்டுக்கொடுத்தார். வேண்டுமென்றே தன்னையோ பிறரையோ காயப்படுத்தினால், அல்லது போதை ஒன்றே காரணம் என்றால் மட்டும் விலக்கு. மறதி, அலட்சியம், வீம்பு, பயம் எதுவும் விலக்கில் சேராது.

எம்.டி.ஏ. தந்த 5 லட்சம் இந்தச் சட்டத்தில் வராத தனிப் பணம். ஆகவே நிபந்தனை போட்டது சட்டமீறல் என்று நான் சொல்லவில்லை. 1914இல் மூடிய ஒரு கதவை மறுபடி திறந்துவிட்டார்கள் என்பதுதான் என் கவலை. இன்றைக்கு ஊசி. நாளைக்குச் சர்க்கரை மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா, சிகரெட்டை விட்டாரா என்று செத்தவரின் வாழ்க்கையையே நோண்டலாம்.

கேள்வி (ஐசியு நர்ஸ், நியூஜெர்சி): அம்மா, நான் அந்த வருஷங்களை வார்டில் கழித்தவள். ஊசி போடாமல் வந்து படுத்தவர்களுக்காக என் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்காமல் கிடந்தேன். நீங்கள் அவர்களுக்காகப் பரிந்து பேசுவது எனக்கு வலிக்கிறது.

பதில்: உங்கள் கோபம் முழுக்க நியாயம் அம்மா. நீங்கள் பட்டதில் பத்தில் ஒரு பங்கு நான் படவில்லை. என் மேசைக்கு வந்த ஒரு ஃபைலை மட்டும் சொல்கிறேன்.

ஒரு தனியார் கம்பெனி. அங்கேயும் இதே மாதிரி நிபந்தனையோடு ஒரு சிறப்புத் தொகை இருந்தது. இறந்தவர் கராஜில் மெக்கானிக். மனைவி ஒரு பிளாஸ்டிக் கவரில் எல்லாக் காகிதத்தையும் வைத்துக்கொண்டு வந்தார். அதில் அவருடைய தடுப்பூசி அட்டை இருந்தது. முதல் வரியில் மருந்தின் பெயர், தேதி, ஸ்டிக்கர் எல்லாம் ஒழுங்காக. இரண்டாவது வரி காலி. அதன் ஓரத்தில் பென்சிலில் ஒரு தேதி. அடுத்த ஊசிக்கு வரச்சொன்ன நாள். அதற்கு நாலு நாள் முன்பே மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். "முழுமையாகப் போடவில்லை" என்று எழுதிக் கம்பெனி மறுத்துவிட்டது. அந்த அம்மா அட்டையை என் பக்கம் திருப்பி, பென்சில் தேதியில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

போடாதவர் எல்லாரும் வீம்பு பிடித்தவர்கள் இல்லை. லீவு கிடைக்காதவர், காய்ச்சல் வந்தால் ஒருநாள் சம்பளம் போகுமே என்று தள்ளிப்போட்டவர், அவசர அனுமதிதானே தந்திருக்கிறார்கள் என்று காத்திருந்தவர், எல்லாரும் அதில் உண்டு. ஃபைசர் ஊசிக்கு முழு அனுமதி வந்ததே 2021 ஆகஸ்ட் 23இல்தான், எம்.டி.ஏ. பணத்தை நிறுத்தியது ஜூனில். டஸ்கீகியில் கறுப்பின மக்களைச் சிபிலிஸோடு சிகிச்சையில்லாமல் 40 வருஷம் விட்டுவைத்துப் பார்த்தது அமெரிக்க அரசின் சுகாதாரத்துறை. அந்த நினைவு உள்ள குடும்பங்கள் தயங்கியதை என்னால் வெறும் முட்டாள்தனம் என்று தள்ள முடியவில்லை.

வீம்புக்காரராகவே இருக்கட்டும். அவருடைய எட்டு வயதுப் பெண் என்ன செய்தாள்?

கேள்வி (ஹெச்.ஆர். மேலாளர், டாலஸ்): அப்படியானால் ஊசி போடவைக்கக் கம்பெனிக்கு வேறு என்னதான் வழி?

பதில்: உயிரோடு இருப்பவரிடம் கேளுங்கள். டெல்டா ஏர்லைன்ஸ் 2021 ஆகஸ்ட்டில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில் இருந்துகொண்டு ஊசி போடாதவர்கள் நவம்பர் 1 முதல் மாதம் 200 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். கோவிட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் சராசரியாக 50,000 டாலர் செலவாகிறது என்று காரணமும் சொன்னார்கள். அறிவித்தபோது சுமார் 75 சதவீதம் பேர் போட்டிருந்தார்கள்; அக்டோபரில் 90ஐத் தாண்டியது. சம்பளச் சீட்டில் 200 டாலர் குறைவதைப் பார்ப்பவருக்கு மனம் மாற நாளைக்கும் நேரம் இருக்கிறது. இறப்புப் பணத்தை நிறுத்தும்போது அந்த வாய்ப்பு இல்லை. தான் சாகப்போகிறோம் என்று யாரும் கணக்குப் போட்டு வாழ்வதில்லை, அதனால் அது அச்சுறுத்தலாகவும் வேலை செய்யாது.

கூடுதல் கட்டணத்துக்கும் எல்லை உண்டு. தனிநபர் காப்பீட்டுச் செலவில் 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஊசி போடாததால் காப்பீடே கிடையாது, கோவிட் சிகிச்சைக்குப் பணம் தரமாட்டோம் என்று சொல்லக்கூடாது என்று அமெரிக்க மத்திய அரசு 2021 அக்டோபரில் தெளிவாகவே எழுதிவிட்டது. நோயாளிக்கு அவ்வளவு பாதுகாப்பு தந்த ஊரில், இறந்தவரின் குடும்பத்துக்கு மட்டும் ஏன் இல்லை?

கேள்வி (இல்லத்தரசி, எடிசன்): தனியாக எடுத்த ஆயுள் காப்பீடும் போய்விடுமா?

பதில்: போகாது. கிளைம் தரும்போது ஊசி போட்டாரா என்று பார்ப்பதில்லை என்று ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் சங்கமே 2021இல் அறிவித்தது. ஊசி போட்டால் பாலிசி செல்லாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதும் பொய்தான்.

கேள்வி (தொழிற்சாலை ஊழியர், அம்பத்தூர்): நம்ம ஊரில் இப்படி ஏதாவது இருந்ததா அக்கா?

பதில்: பெரிய திட்டங்களில் இந்த நிபந்தனை இல்லை. இ.எஸ்.ஐ.யின் கோவிட் நிவாரணத் திட்டம், இறந்த தொழிலாளியின் சராசரிக் கூலியில் 90 சதவீதத்தைக் குடும்பத்துக்கு மாதாமாதம் தர ஏற்பாடு செய்தது. நோய் உறுதியாவதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் 70 நாள் பங்களிப்பு இருந்ததா என்று கேட்டார்கள், ஊசி அட்டையைக் கேட்கவில்லை. பி.எஃப். கணக்கோடு வரும் காப்பீட்டில் உச்ச வரம்பு 2021இல் 7 லட்ச ரூபாயாக உயர்ந்தது. 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல் மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவில் அடங்கும் என்று சொன்னது. அரசின் தடுப்பூசிக் கொள்கையையும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும்.

கேள்வி (பெயர் வேண்டாம், பிராங்க்ஸ்): என் வீட்டுக்காரர் கம்பெனியில் இப்படி ஒரு விதி இருக்கிறது என்று சொல்கிறார்கள். நான் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: வாய்ச்சொல்லை நம்பாதீர்கள் அம்மா. தனியார் கம்பெனி என்றால் அந்த இறப்புத் தொகைத் திட்டத்தின் விவரக் கையேட்டை எழுத்தில் கேளுங்கள், தந்தாக வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். இறப்புத் தொகைக்கு மேல்முறையீடு செய்யக் குறைந்தது 60 நாள் உண்டு. அரசு நிறுவனத்துக்கு இந்த விதி பொருந்தாது, அங்கே யூனியனைப் பிடியுங்கள்.

வேலையில் தொற்றி இறந்ததாக நினைத்தால் மாநில நஷ்டஈட்டுக் கிளைம் தனி. அதற்கு இறந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம். அந்த வேலையிடத்தில் தொற்று அபாயம் அதிகம் என்று காட்ட வேண்டியிருக்கும், கூட வேலை செய்தவர்களின் பெயர்களை இப்போதே எழுதி வையுங்கள். அங்கே ஊசி போட்டாரா என்பது நிபந்தனை கிடையாது. "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று எழுதிய காகிதம் எதையாவது கம்பெனி நீட்டினால், ஒரு வக்கீல் பார்க்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.