பணகுடிப் பக்கம் கோல்ஃப் கிளப் ஆரம்பித்தால் வருடம் முழுக்கத் தாக்குப்பிடிக்குமா?

திருநெல்வேலி மாவட்டத்துப் பணகுடியில் குடும்ப நிலம் இருக்கிறது, கோல்ஃப் கிளப் போட்டால் பன்னிரண்டு மாதமும் ஓட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஊரிலேயே கிடப்பவர்களுக்கு இந்த யோசனை வராது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. 'அப்புறம் எதற்குப் பதில் எழுத வந்தீர்' என்று கேட்கப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: 2021 முதல் மூன்று வருடம் திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு டென்னிஸ் கிளப்பில் பொருளாளராக இருந்தேன். சம்பளம் கிடையாது, ஏச்சு உண்டு. இரண்டு மண் கோர்ட், ஒரு சின்ன ஹால், ஒரு சீட்டாட்ட அறை. பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்கள் இன்னும் என் கல்யாணப் பத்திரிகை லிஸ்டில் இருக்கிறார்கள்.

புத்தகத்தில் 140 உறுப்பினர்கள். மாதச் சந்தா 500 ரூபாய். ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் 90 பேர், ஆக 45,000. மார்க்கர் (உறுப்பினர்களோடு ஆடிக்கொடுத்துக் கோர்ட்டையும் பார்த்துக்கொள்கிறவர்), இரவுக் காவலர், பெருக்குகிற அம்மா மூவருக்கும் சேர்த்துச் சம்பளம் 32,000. கரண்டுக்கு மாதம் பத்தாயிரம் ஒதுக்க வேண்டும். லைட்டே போடாவிட்டாலும் கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணம் வந்து நிற்கும். பந்து, வலை, செம்மண், கோடு போடச் சுண்ணாம்பு, ரோலர் ரிப்பேர் என்று இன்னொரு பன்னிரண்டாயிரம். ஆக, நல்ல மாதத்திலேயே ஒன்பதாயிரம் துண்டு விழும்.

நல்ல மாதம் என்று எத்தனை இருக்கிறது? மார்ச்சில் பரீட்சை, பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் மண் கோர்ட்டில் கால் வைக்க முடியாது. கார்த்திகை பிறந்ததும் பாதிப் பேர் மாலை போட்டுவிடுவார்கள். செருப்பே போடாதவர் ஷூ போட்டு எப்படி ஆடுவார்? ஆடாத மாதத்துக்குச் சந்தா எதற்கு என்று ஒரு கூட்டமே நிறுத்திவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் தீபாவளி போனஸ் கொடுக்க வேண்டும். அந்த மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் ஓட்டை.

இதை அடைத்துக்கொண்டிருந்தது சீட்டு அறை. மேஜைக் கட்டணம், டீ, பஜ்ஜி எல்லாம் சேர்த்து மாதம் பதினெட்டாயிரம் வரும். ரம்மி ஆட மழையும் தடையில்லை, மாலையும் தடையில்லை. 2023 சித்திரையில் சில இளவட்டங்கள், 'விளையாட்டு கிளப்பில் சீட்டு எதற்கு, குடும்பத்தோடு வர முடியவில்லை' என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். கணக்குத் தெரிந்த ஒரே ஆள் நான். நானும் கை தூக்கினேன், சீட்டு அறையை மூடினோம். ஏன் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு நியாயமாகத்தான் பட்டது.

ஆடியில் கையிருப்பு காலி. ஆவணி முகூர்த்தத்தில் ஒரு வரவேற்புக்கு ஹாலையும் மைதானத்தையும் 35,000 ரூபாய்க்கு விட்டேன். பந்தல்காரர் கோர்ட்டுக்கு நடுவிலேயே இரும்பு முளை அடித்தார். இரண்டாவது கோர்ட்டில் அடுப்பு வைத்து எண்ணெயைக் கொட்டினார்கள். குழு கூட்டத்தில் என்னைத் தூக்கிலிடாத குறை. காவலருக்கு அந்த மாதச் சம்பளம் எந்தப் பணத்தில் போனது என்று ஒருத்தர் கேட்கவில்லை. போதாக்குறைக்குக் கல்யாண வருமானமும் ஆடி, புரட்டாசி, மார்கழியில் கிடையாது.

அந்த விருந்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் ரொட்டி, பன்னீர், கோபி மஞ்சூரியன் எல்லாம் வரிசையாக இருந்தது. தேங்காய்ப்பாலில் வைக்கிற நம்ம ஊர்க் குழம்பான சொதியை மருந்துக் குப்பி அளவுக்கு ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். தேங்காய்ப்பாலுக்குப் பதில் ஏதோ மாவு கரைத்த மாதிரி இருந்தது, இஞ்சித் துவையலே இல்லை. திருநெல்வேலிக் கல்யாணத்தில் இது அநியாயம். மறுவீட்டுச் சாப்பாட்டிலும் இப்படித்தான் ஆகிக்கொண்டு வருகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த டிசம்பர் 17, 18 மழையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாமிரபரணி கோர்ட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் ஒரு சாண் வண்டல். வயலுக்கு நல்லது, கோர்ட்டுக்கு எமன். சுரண்டி எடுத்து, புதுச் செம்மண் அடித்து, உருட்டி முடிக்க இரண்டரை லட்சம் ஆகும் என்றார்கள். தலைக்கு மூவாயிரம் கேட்டோம். பழைய சீட்டு அறை ஆட்களிடம் நானே நேரில் போனேன். அவர்கள் அதற்குள் வேறு கிளப்பில் சேர்ந்து ஒழுங்காகச் சந்தா கட்டிக்கொண்டிருந்தார்கள். "என்னவே, இப்பதான் எங்க ஞாபகம் வருதோ?" என்றார் ஒருவர். காப்பி கொடுத்துதான் அனுப்பினார், அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஒரு கோர்ட்டைத்தான் சரிசெய்ய முடிந்தது. மற்றதில் இப்போது பைக் நிறுத்துகிறார்கள்.

இதையே கோல்ஃபுக்குப் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு இருந்தது அரை ஏக்கர். 18 குழி மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். குழி இருக்கும் இடத்துப் புல்லைச் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய தினமும் வெட்ட வேண்டும். கோடையில் நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் லிட்டர் தண்ணீர் குடிக்கும். எங்கள் செம்மண் மழையில் சும்மாவாவது கிடந்தது. புல் அப்படி இல்லை. ஆட ஆள் வராத மழைக்காலத்தில்தான் நன்றாக வளரும், அதை வெட்ட ஆளும் டீசலும் வேண்டும். பனி பெய்கிற நாடுகளில் குளிர்காலத்தில் புல்லாவது தூங்கும், இங்கே அதுவும் கிடையாது. கொடைக்கானலில் 1895 முதல் கோல்ஃப் கிளப் இருக்கிறதே என்பீர்கள். அங்கே குளிர் இருக்கிறது, பணம் வைத்திருக்கிற சுற்றுலாக்காரர் வருகிறார். நம்ம பணகுடியில் யார் வந்து தங்கி ஆடப்போகிறார்?

ஆரம்பித்தே தீருவேன் என்றால் முதலில் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் என்ன வரும் என்று கணக்குப் போடுங்கள், ஆட்டத்தில் வருவதைக் கடைசியில் எழுதுங்கள். ஆறு மாதச் சம்பளத்தை வங்கியில் தனியாகப் போட்டு வைத்துவிட்டு அடிக்கல் நாட்டுங்கள். சீட்டு அறையை மூடச் சொல்லி யாராவது வந்தால் என்னைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் ஒன்று: முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே ஆடிக் காற்றில் நீங்கள் அடித்த பந்து பக்கத்து ஊரில்தான் போய் விழும். காற்றாலைக்காரர் யாராவது அந்த நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டால், பேசி முடித்துவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.