சிரித்தால் என்ன?

வணக்கம் அண்ணா, நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். ஆண்டு 6 படிக்கிற மகனுக்கும் ஆண்டு 4 மகளுக்கும் பிள்ளை எப்படி உருவாகிறது என்று காட்டுகிற கார்ட்டூன் படமொன்றைப் போட்டேன். விந்துகள் கண்ணாடி மாட்டிக்கொண்டு ரேஸ் ஓடுகின்றன. இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. மாமிக்குக் கோபம், ‘இதெல்லாம் சிரிக்கிற விசயமா’ என்று. நான் செய்தது பிழையா?

அன்புள்ள தங்கச்சி,

பிழையே இல்லை, சிரிக்கட்டும். எங்கள் சேர் அந்தப் பாடம் வந்ததும் ‘வீட்ட போய் வாசியுங்கோ’ என்று அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டார். வாசித்தோம்தான், புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் மட்டும் அழுக்கேறும் வரைக்கும், ஆனால் சந்தேகம் கேட்க ஆளில்லை. கோட்டைக்குள் மான்கள் குட்டியோடு திரிவதைப் பார்த்து வளர்ந்த பெடியள் நாங்கள்!

என் மனத்தாங்கல் அந்த ரேஸோடுதான். 200 மில்லியன் அளவில் கிளம்பி, சில நூறுதான் கருப்பையோடு சேர்ந்த பலோப்பியன் குழாயில் சூலுக்கு, அதுதான் பெண்ணின் முட்டைக்கு, கிட்டே போகின்றன, அதுவரை சரி. ஆனால் தனியே நீந்தி வெல்கிற போட்டியில்லை அது. கருப்பைத் தசையும் சுருங்கித் தள்ளிவிடுகிறது, பெண்ணின் உடம்புக்குள் சில மணிநேரம் கிடந்து பதப்பட்ட பிறகுதான் விந்துக்குச் சூலைத் துளைக்கிற தகுதியே வரும். சூலும் மணவறையில் தலைகுனிந்திருக்கிற பொம்பிளை மாதிரிச் சும்மா இருப்பதில்லை. ஒன்று நுழைந்ததும் தன் உறையை மாற்றி மற்றதெல்லாவற்றுக்கும் கதவைச் சாத்துகிறது. அளவோ 0.1 மில்லிமீற்றர்தான். மகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கோ.

அப்புறம், இந்த மாதிரிப் படங்களில் பத்து நிமிடம் ரேஸ் ஓடும், ‘ஒன்பது மாதம் கழித்து’ என்று எழுத்து வரும், உடனே வெள்ளைத் துணியில் பிள்ளை. அம்மா எங்கே? அவ பிள்ளை பெறுகிற பாட்டைக் காட்ட ஒரு பலூன் போதும். உள்ளே ஒரு டேபிள் டெனிஸ் பந்தைப் போட்டு ஊதுங்கோ, வாயைக் கட்டவேண்டாம், பந்து கழுத்தில் வந்து அடைத்துக்கொள்ளும். இனி மேற்பக்கத்தை மகனை அமுக்கி விடச் சொல்லுங்கோ, அமுக்கி, விட்டு, திரும்ப அமுக்கி. முதலில் ஒன்றும் நடக்காது, அவனுக்குக் கை வலிக்கும். பிறகு நீளமாயிருந்த கழுத்து மெல்லக் குறுகிக் குறுகி விரியும், கடைசியில் பந்து டப்பென்று வெளியே பாயும். கருப்பையின் கழுத்தும் இப்படித்தான், பத்து சென்ரிமீற்றர் விரியவேண்டும், முதல் பிள்ளைக்குப் பல மணித்தியாலம் எடுக்கும்.

மாமியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துங்கோ. பந்து பாய்ந்ததும் உங்கள் மனுசன் பிறந்த கதையை அவரே தொடங்குவார் பாருங்கோ.