நொண்டிய மாடும் கைதட்டலும்

அன்புள்ள ஐயா,

கோவை ரேஸ்கோர்ஸில் நான்கு வருடமாக ஓடுகிறேன். ஜூலையில் வலது குதிகாலுக்கு இரண்டு அங்குலம் மேலே வலி வந்தது. அக்கிலிஸ் டெண்டன், கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் நாண், என்றார் பிசியோதெரபிஸ்ட். மூன்று மாதம் மாடிப்படியில் குதிகால் பயிற்சி, ஓட்டம் அவர் சொன்ன பிறகுதான். ஒரு மாதம் போய்விட்டது. கூட ஓடியவர்கள் ஸ்ட்ராவாவில் (ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஆப்) தினமும் பத்து கிலோமீட்டர் போடுகிறார்கள். எனக்கோ அந்தப் படியைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறது. டிசம்பரில் அரை மாரத்தானுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். போன ஞாயிறு மனசு கேட்காமல் வலியோடு ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டேன். பிரிட்டன் ஓட்டக்காரர் டெரக் ரெட்மண்டின் வீடியோவைத் தினமும் பார்க்கிறேன், உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். ஊக்கம் குறையாமல் இருக்க என்ன செய்வது? ஷூவை மாற்றலாமா? கொலாஜன் பொடி உதவுமா?

மா.

அன்புள்ள மா.,

பொடியைப் பற்றி உங்கள் பிசியோவிடம் கேளுங்கள். ஸ்ட்ராவாவைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். டிசம்பருக்குக் கட்டிய பணம் போனது போனதுதான். இவற்றில் பேச ஒன்றுமில்லை. நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த வீடியோவுக்காக.

போன மாதம் என் பேரனின் பள்ளி விழாவிலும் அதையே திரையில் போட்டார்கள். 1992, பார்சிலோனா ஒலிம்பிக், 400 மீட்டர் அரையிறுதி. பாதி தூரம் போவதற்குள் ரெட்மண்டின் பின்தொடைத் தசை கிழிகிறது. எழுந்து ஒற்றைக் காலில் நொண்டுகிறார். காவலர்களைத் தள்ளிக்கொண்டு அப்பா ஓடி வருகிறார், மகனைத் தாங்கிக் கோடுவரை கூட்டிப் போகிறார். அரங்கம் எழுந்து நிற்கிறது. பள்ளியிலும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். கடைசி வரிசையில் நான் மட்டும் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் புழுக்கம் ஆறுவதற்குள் உங்கள் கடிதம் வந்து மாட்டியது.

ரெட்மண்டைக் குறை சொல்லவில்லை. அவருக்குத் தசை கிழிந்து முடிந்துவிட்டது, இனிக் காப்பாற்ற ஒன்றுமில்லை, நொண்டினார். அங்கேகூட அப்பா முதலில் சொன்னது, இதை நீ செய்ய வேண்டியதில்லை என்றுதான். அதை யாரும் காதில் வாங்குவதில்லை.

அம்மணி, தினமும் பார்க்கிறீர்களே, அவருக்கு அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தேடினீர்களா? 1988 சியோல் ஒலிம்பிக்கில் பந்தயம் தொடங்கும் முன்பே விலகினார். காரணம், உங்களுக்கு வந்திருக்கிற இதே அக்கிலிஸ். பார்சிலோனாவுக்குப் போவதற்குள் எட்டு அறுவைச் சிகிச்சைகள். நடுவில், 1991இல், டோக்கியோ உலகப் போட்டியில் 4 x 400 தொடர் ஓட்டத்தில் அமெரிக்காவைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கிய பிரிட்டன் அணியின் நால்வரில் ஒருவர். சியோலுக்கும் டோக்கியோவுக்கும் நடுவில் அந்த மனிதர் எந்த அறையில், எந்தச் சுவரைப் பார்த்தபடி காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்? எத்தனை நாள் விடிகாலையில் எழுந்து, இன்றைக்கு வேண்டாம் என்று நினைத்தார்? அதற்கு வீடியோ கிடையாது. நீங்கள் இப்போது இருப்பது அங்கே. ஆனால் நடிப்பது பார்சிலோனாவை.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

1979. கல்லூரியில் நான் 5000 மீட்டர் ஓடுகிறவன். முன்னங்கால் எலும்பில் ஒரே இடத்தில் வலி, விரலால் அழுத்தினால் உயிர் போகும். அயோடெக்ஸைத் தேய்த்து, கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு மண்டலப் போட்டியில் இறங்கினேன். எட்டாவது சுற்றில் நொண்ட ஆரம்பித்தேன். நிற்கவில்லை. கடைசி ஆளாக வந்தேன். ஜெயித்தவனை விட்டுவிட்டு என்னைத் தோளில் தூக்கினார்கள். ஹாஸ்டலில் அன்று முட்டைக் குழம்பு எனக்கு இரண்டு தரம். பி.டி. மாஸ்டர், "இவன்தாண்டா ஓட்டக்காரன்" என்றார். மறுவாரம் எக்ஸ்ரேயில் எலும்புக் கீறல் நன்றாகவே விரிந்திருந்தது.

தாராபுரம் பக்கத்திலிருந்து அப்பா பஸ் பிடித்து வந்தார். நான் கைதட்டலைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நொண்டி மாட்டை ஏர்ல பூட்டுனா ஊருக்குள்ள காறித் துப்புவாங்கடா. உனக்கு எதுக்குடா கை தட்டுனாங்க?"

என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு நான் போட்டியில் ஓடவும் இல்லை.

அப்பாவுக்கு அதைப் பேசத் தகுதி இருந்தது. எங்கள் வீட்டு மயிலை மாட்டுக்கு ஒரு கோடையில் பின்னங்கால் பிசகிவிட்டது. உழவு தலைக்கு மேல் கிடந்தது. அவர் மாட்டை ஏரில் பூட்டவில்லை, கட்டுத்தறியில் கட்டியும் போடவில்லை. ஒத்தடம் கொடுத்து வீக்கம் வடிந்ததும், தினமும் விடிகாலையில் அமராவதி ஆற்று மணலில் பத்தடி நடத்துவார். அடுத்த வாரம் இருபதடி. மாடு காலை வைக்கத் தயங்கினால் அன்றைக்கு அத்துடன் சரி. ஊரில் சிரித்தார்கள், மாட்டை வாக்கிங் கூட்டிப் போகிறான் என்று.

உங்கள் மாடிப்படிப் பயிற்சிக்கும் இதேபோல ஒரு கதை உண்டு. ஸ்வீடனில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்று ஓர் எலும்பு மருத்துவர். அவருக்கே அக்கிலிஸ் வலி. அறுவைச் சிகிச்சை கேட்டார், மேலதிகாரி சம்மதிக்கவில்லை. அறுந்தே போனால் செய்துதானே ஆக வேண்டும் என்று, வலிக்க வலிக்கக் குதிகாலுக்குப் பாரம் கொடுத்தார். அறுவதற்குப் பதிலாக வலி போய்விட்டது! 1998இல் வலியோடு இருந்த 15 அமெச்சூர் விளையாட்டுக்காரர்களிடம் செய்து பார்த்து வெளியிட்டார். முன்பாதத்தைப் படி விளிம்பில் ஊன்றிக் குதிகாலை மெதுவாக இறக்குவது. முழங்காலை நீட்டி 15 முறை, மூன்று சுற்று. லேசாக மடக்கி இன்னொரு மூன்று சுற்று. காலையும் மாலையும். நாளைக்கு 180, பன்னிரண்டு வாரத்துக்கு 15,120. அந்த நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது மாறுவது மெதுவாகத்தான். சும்மா போட்டால் இளைத்துப்போகும், ஓடினால் புண்ணாகும். அளந்து பாரம் வைத்தால்தான் தேறும். உங்கள் பிசியோ வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அவர் கணக்குத்தான் செல்லும், ஸ்வீடன்காரர் கணக்கு அல்ல.

சலிப்பாக இருக்கிறது என்கிறீர்கள். இருக்கும். 15,120 தடவை குதிகாலை இறக்குவதில் என்ன சுவாரசியம் வந்துவிடும்? ஊக்கம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். சொல்லப்போனால் ஊக்கம் உங்களிடம் தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது. அதுதானே ஞாயிற்றுக்கிழமை உங்களை ஐந்து கிலோமீட்டர் இழுத்துப் போனது? பல் தேய்க்க யாராவது ஊக்கம் தேடுகிறார்களா? அந்தக் கணக்கில் இதை வையுங்கள். ஓடப் போகும் அதே ஐந்து மணிக்கு எழுந்திருங்கள், அதை மட்டும் தூக்கத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கிற முதல் அடி எப்படி வலிக்கிறது என்று நோட்டில் குறியுங்கள். முந்தின நாள் அதிகமாகச் செய்தீர்களா இல்லையா என்பதை அது சொல்லிவிடும். நாற்பதாம் நாள் அந்த நோட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். இன்னொரு வீடியோ அனுப்பினால் பதில் எழுத மாட்டேன்.

மயிலை அடுத்த ஆடிக்குத்தான் ஏருக்கு வந்தது. அதுவரை அப்பா இரவல் மாட்டில் உழுதார். இரவல் கொடுத்தவர் காட்டுக்கு முழுக்க எருச் சுமந்தவர்கள் நானும் அம்மாவும்.

ஷூ பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். எனக்கு ஷூவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அன்புடன்.